ராட்சத கார்ட்டர் பாம்புக்கு எப்படிப்பட்ட ஈரநிலம் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நீர்ப்பாம்பைப் பற்றிய பக்கம் இது. "சதுப்பு நிலத்தைக் காப்பாற்றினால் பாம்பும் பிழைத்துக்கொள்ளும்" என்று பலரும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்தச் சதுப்பு, எந்த மாதத்தில் அதில் தண்ணீர், கரையில் என்ன முளைத்திருக்க வேண்டும், கரைக்கு அப்பால் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால்தான் இந்தப் பாம்பின் சிக்கல் புரியும்.

இது எந்தப் பாம்பு?

ராட்சத கார்ட்டர் பாம்பு. அறிவியல் பெயர் தாம்னோஃபிஸ் ஜிகாஸ். கிரேக்க மொழியில் தாம்னோஸ் என்றால் புதர், ஓஃபிஸ் என்றால் பாம்பு, ஜிகாஸ் என்றால் அரக்கன். பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். நன்றாக வளர்ந்த பெண் பாம்பு ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நம் ஊர்ச் சாரைப்பாம்பு இதைவிடப் பெரிதாக வளரும். கார்ட்டர் பாம்பு இனங்களுக்குள் இதுவே பெரியது என்பதால் அந்தப் பெயர். உடல் பழுப்பு அல்லது மங்கிய பச்சை. முதுகு நெடுக ஒரு மஞ்சள் கோடும் பக்கவாட்டில் ஒவ்வொரு கோடும் ஓடும். சில பாம்புகளில் கோடுகள் மங்கி, கட்டம் கட்டமான புள்ளிகள் மட்டும் தெரியும்.

1940இல் ஹென்றி ஃபிட்ச் இதை வேறொரு இனத்தின் துணையினமாக விவரித்தார். தனி இனமாக ஏற்கப்பட்டது 1987இல்தான். அதற்குள் இதன் வாழிடத்தில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

நஞ்சு உண்டா?

மனிதருக்கு எந்த ஆபத்தும் இல்லை. பிடித்தால் நாற்றமடிக்கும் ஒரு திரவத்தைப் பீய்ச்சும். பெரும்பாலும் அதற்கு முன்பே தண்ணீரில் விழுந்து மறைந்துவிடும். மிகுந்த கூச்ச சுபாவம் உள்ள பாம்பு.

நீர்ப்பாம்புதானே, தண்ணீர் இருந்தால் போதாதா?

போதாது. பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

இந்தப் பாம்புக்குத் தேவையானவற்றை நான்காகச் சொல்வது வழக்கம். முதலாவது, இளவேனில் தொடங்கி இலையுதிர் காலத்தின் நடுப்பகுதி வரை, அதாவது மார்ச் இறுதியிலிருந்து அக்டோபர் வரை, வற்றாமல் நிற்கும் தண்ணீர். இரண்டாவது, அந்தத் தண்ணீரிலிருந்து தலைநீட்டி நிற்கும் சம்பும் கோரையும். இரை தேடவும் ஒளியவும் அவை வேண்டும். மூன்றாவது, வெயில் காய்வதற்குப் புல் மண்டிய, நிழல் மூடாத கரை. நான்காவது, குளிர்காலத்தில் வெள்ளம் எட்டாத உயரத்தில் எலிவளைகளும் அணில்வளைகளும் உள்ள மேட்டு நிலம்.

இந்த நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஓரிடத்தில் தண்ணீரும் மூன்று கிலோமீட்டர் தள்ளி மேடும் இருந்தால் பயனில்லை. எல்லாம் இருந்தும் ஜூலையில் தண்ணீர் வற்றினாலும் பயனில்லை. கலிஃபோர்னியாவில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையில் சொட்டு மழை கிடையாது; வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். இந்தப் பாம்பு ஓடியாடி இரை தேடுவதும் குட்டி போடுவதும் அந்தக் காய்ந்த கோடையில். நிலமெல்லாம் நனைந்து கிடக்கும் குளிர்காலத்திலோ அது தரைக்கடியில், காய்ந்த வளையில் சுருண்டு கிடக்கிறது. மழை பெய்யும்போது மேடும் மழை இல்லாதபோது தண்ணீரும் அதற்கு வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகளுக்கான பதில்கள் தாமாகவே விளங்கும்.

மழையே இல்லாத கோடையில் முற்காலத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மலையிலிருந்து. பள்ளத்தாக்கின் கிழக்கே நிற்கும் சியரா நெவாடா மலைத்தொடரில் குளிர்காலம் முழுவதும் பனி குவியும். வெயில் ஏற ஏற அது உருகி இறங்கும். சாக்ரமென்டோ, சான் வாக்கின் ஆறுகள் கரை மீறி, இரு பக்கமும் இருந்த தாழ்வான வடிநிலங்களை நிரப்பும். அந்த வடிநிலங்களின் மண் கெட்டிக் களிமண்; தண்ணீர் கீழே இறங்காது. அதனால் கோடை நடுவிலும் அங்கே ஆளுயரக் கோரை பச்சைப்பசேல் என்று நின்றது. டூலி என்பது அந்தக் கோரைக்கு அந்த ஊரார் சொல்லும் பெயர். தெற்கே இருந்த டூலாரி ஏரிக்கு அதிலிருந்துதான் பெயர் வந்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த நன்னீர் ஏரிகளில் பரப்பால் அதுவே மிகப் பெரியது.

பிறகு அணைகள் வந்தன, கரைகள் உயர்த்தப்பட்டன, ஏரிப் படுகைகள் உழவு நிலமாயின. மத்தியப் பள்ளத்தாக்கின் ஈரநிலங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் இன்று இல்லை. வடக்கே பியூட் மாவட்டத்திலிருந்து தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அருகிலுள்ள புவெனா விஸ்டா ஏரி வரை பரவியிருந்த பாம்பு, தெற்குப் பகுதியிலிருந்து அடியோடு மறைந்தது. டூலாரி, புவெனா விஸ்டா படுகைகளில் இன்று அது இல்லை. ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் மென்டோட்டா பகுதியோடு தெற்கெல்லை முடிகிறது. அங்கும் அதைக் காண்பது அரிது.

2023இன் பெருவெள்ளத்தில் டூலாரி ஏரி சில மாதங்கள் திரும்பி வந்தது. பறவைகள் பறந்து வந்து இறங்கின. பாம்பால் அப்படி வர முடியாது. பல பத்தாண்டுகளாக அது இல்லாத நிலத்துக்கு, தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காக எங்கிருந்து ஊர்ந்து வரும்?

அப்படியென்றால் இன்று எங்கே பிழைத்திருக்கிறது?

பெரும்பகுதி நெல் வயல்களை ஒட்டி. சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் வழக்கமான ஆண்டில் ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கரில் நெல் விளைகிறது. வணிக அளவில் நெல் சாகுபடி அங்கே தொடங்கியது 1912இல், பியூட் மாவட்டத்தின் ரிச்வேல் பகுதியில். வேறு பயிருக்கு உதவாத கெட்டிக் களிமண் நெல்லுக்கு ஏற்றதாக இருந்தது. கோரை நின்ற அதே மண்ணில் நெல் நின்றது. கோடையில் தண்ணீர் கட்டி நிறுத்தப்பட்டது. பாம்பு அங்கே தங்கிவிட்டது.

நெல்லைத் தவிர, கொலூசா தேசிய வனவிலங்குப் புகலிடம், சட்டர் மாவட்டத்தின் கில்சைசர் ஸ்லூ, சாக்ரமென்டோவுக்குத் தெற்கே பேட்ஜர் க்ரீக், சான் வாக்கின் பள்ளத்தாக்கில் வோல்டா போன்ற சில சதுப்புகளிலும் இருக்கிறது. பேட்ஜர் க்ரீக் எனக்கு முக்கியமாகப்படுகிறது. அங்கே அது நெல்லை நம்பாமல் இயற்கையான சதுப்பில் வாழ்கிறது. முற்காலத்தில் எப்படி வாழ்ந்திருக்கும் என்பதற்கு மிச்சமிருக்கும் சில சாட்சிகளில் ஒன்று.

நெல் வயல் சதுப்புக்கு ஈடாகுமா?

பாதி ஈடு. எந்தப் பாதி என்று பார்க்க வேண்டும்.

அங்கே நாற்றங்காலும் நடவும் கிடையாது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வயலில் ஒரு சாண்கூட ஆழமில்லாத தண்ணீரைக் கட்டி, ஊறவைத்த விதையை விமானத்திலிருந்து தூவுகிறார்கள். பாம்பு வளையிலிருந்து வெளியே வருவதோ மார்ச், ஏப்ரலில். அப்போது வயல் காய்ந்து கிடக்கும். தண்ணீர் கட்டிய பின்னும் ஒரு மாதத்துக்கு அது வெறும் கண்ணாடித் தகடுதான். மறைய ஒரு தாள்கூட இருக்காது. நாரையும் கொக்கும் மேலிருந்து பார்த்தால் பாம்பு பளிச்சென்று தெரியும். ஜூன் நடுவில் பயிர் உயர்ந்து பச்சை மூடிய பிறகுதான் பாம்பு வயலுக்குள் நுழைகிறது. தலைப்பிரட்டையும் சிறு மீனும் அங்கே நிறைந்திருக்கும் காலம் அது. பிறகு அறுவடைக்காக ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ மடையைத் திறந்து வடித்துவிடுவார்கள். பாம்பு மறுபடியும் வெளியேற வேண்டும்.

ஆக ஏழு மாத நடமாட்டக் காலத்தில் வயல் உதவுவது ஏறக்குறைய இரண்டரை மாதம். மற்ற நாட்களில் அதைத் தாங்குவது வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலும் அதை வெளியேற்றும் வடிகாலும்தான்.

அப்படியானால் வாய்க்காலைக் காப்பாற்றினால் போதுமா? வயல் எதற்கு?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பாம்புகளின் உடலுக்குள் சிறு ரேடியோ கருவி பொருத்தி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பாம்புகள் வயலைவிட வாய்க்காலையே அதிகம் நாடின. வாய்க்காலில் தண்ணீர் நீண்ட நாள் நிற்கிறது, ஓரத்தில் சம்பு வளர்கிறது, கரை அருகிலேயே இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சுற்றுவட்டாரத்தில் நெல் அதிகம் பயிரான இடங்களில் வளர்ந்த பாம்புகள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

பாம்பு வயலுக்குள் அதிகம் போகாவிட்டாலும் வயல் இருப்பது அதற்கு உதவுகிறது. நெல் இல்லையென்றால் வாய்க்காலில் தண்ணீர் ஓட யாருக்கும் அவசியம் இல்லை. வயலில் பெருகும் தவளையும் மீனும் வடிகால் வழியாக வாய்க்காலுக்கு வருகின்றன. வாய்க்காலுக்குத் தண்ணீரும் உணவும் வயலின் வழியாகத்தான் வருகின்றன.

கரை எப்படி இருக்க வேண்டும்?

நீர்ப்பாம்பு என்று சொல்கிறோமே தவிர, ரேடியோ வைத்துப் பார்த்தபோது பெண் பாம்புகள் கோடையிலும் பாதிக்கு மேற்பட்ட நேரத்தைத் தரையில்தான் கழித்தன. தரை என்றால் தண்ணீரிலிருந்து சில மீட்டருக்குள். காலையில் கரைப் புல்லிலோ மடங்கிச் சாய்ந்த கோரைத் தாள்களின் மேலோ வெயில் காயும். உச்சி வெயிலில் கரையிலுள்ள வளைக்குள் புகுந்துகொள்ளும். சட்டை உரிக்கும்போதும், சினையாக இருக்கும்போதும், நன்றாக இரை தின்ற பிறகும் அந்த வளைதான் அதற்கு வீடு.

அதனால் சிமெண்ட் பூசிய வாய்க்கால் இந்தப் பாம்புக்குப் பாலைவனம். தண்ணீர் இருக்கும், வேறெதுவும் இருக்காது. புல்லை மொட்டையாகச் செதுக்கிய கரையும் அப்படியே. மறுபக்கம், மரங்கள் அடர்ந்து முழு நிழல் விழும் கரையையும் அது விரும்புவதில்லை. சூழலை மேம்படுத்துகிறோம் என்று வாய்க்கால் நெடுக மரம் நடுவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். இதைச் சொன்னால் பலருக்கும் வியப்பாக இருக்கிறது. மரம் நடுவது எங்கும் நல்லது என்றே நமக்குப் பழகிவிட்டது.

வளைகளைப் பாம்பு தோண்டுவதில்லை. நில அணில், எலி வகைகள், கிரேஃபிஷ் ஆகியவை தோண்டி விட்டுப்போனவற்றில் குடியேறுகிறது. கிரேஃபிஷ் நன்னீரில் வாழும், இறாலைப் போன்ற பிராணி. கரைச் சேற்றில் ஆழமாகத் துளைக்கும். கரையைப் பலப்படுத்தப் போட்ட கருங்கல் அடுக்குகளின் இடுக்கிலும் பாம்பு தங்குவதுண்டு.

குளிர்காலத்தில் எவ்வளவு தூரம் போகும்?

கோடையில் வெப்பத்துக்குத் தப்பி ஒதுங்கும்போது சதுப்பின் ஓரத்திலிருந்து 50 மீட்டர் வரை போனதாகப் பதிவு இருக்கிறது. குளிர்கால உறக்கத்துக்கு 250 மீட்டர் வரை போயிருக்கிறது. பல பாம்புகள் இவ்வளவு தூரம் போவதில்லை. வாய்க்கால் கரையிலேயே முடங்கிவிடும். ஆனால் அந்த மேடு வெள்ளத்தில் மூழ்காததாக இருக்க வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை குளிரில் விறைத்துக் கிடக்கும் பாம்பால் தண்ணீர் ஏறும்போது நீந்தித் தப்ப முடியாது.

என்ன தின்னும்?

மீனும் தவளையும் தலைப்பிரட்டையும். இதில் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. முற்காலத்தில் இது தின்ற தடித்த வால் சப் என்ற மீன் இனமே அழிந்துவிட்டது. கலிஃபோர்னியச் செங்கால் தவளை பள்ளத்தாக்கின் தரையிலிருந்து மறைந்தது. இன்று பாம்பின் இரையில் பெரும்பகுதி வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை: கெண்டை, கொசுவை ஒழிக்க விடப்பட்ட கம்பூசியா மீன், புல்ஃபிராக் என்ற பெரிய தவளையின் தலைப்பிரட்டைகள். நம் ஊர்களிலும் கிணற்றிலும் குளத்திலும் கொசுவுக்காக விட்ட அதே கம்பூசியாதான்.

கிடைத்ததைத் தின்று பிழைத்தாலும் நாட்டுத் தவளையின் மீதான விருப்பம் இந்தப் பாம்புக்குப் போகவில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிறந்து சில நாளே ஆன, இரையையே கண்டிராத குட்டிக்கும் அந்த நாட்டம் இருக்கிறது. இது என்னை மிகவும் நெகிழச் செய்த செய்தி. ஆகவே வாய்க்காலில் மீன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், சிறிய மரத்தவளைகள் முட்டையிட ஆழமற்ற ஓரங்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

புல்ஃபிராக் விஷயத்தில் உறவு இருபுறமும் வெட்டும். அதன் தலைப்பிரட்டையைப் பெரிய பாம்பு தின்கிறது. வளர்ந்த புல்ஃபிராக் பாம்புக் குட்டியை விழுங்குகிறது.

குட்டியா? முட்டை இடாதா?

இடாது. நம் ஊர் நீர்க்கோலி இதற்குத் தூரத்து உறவு, அது முட்டையிடும். கார்ட்டர் பாம்பு ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் குட்டி போடும். ஒரு ஈற்றில் 10 முதல் 46 வரை, சராசரியாக 23. ஒவ்வொன்றும் 3 முதல் 5 கிராம் எடை. பிறந்த உடனே சிதறி, அடர்ந்த புதருக்குள் ஓடிவிடும். ஆண் குட்டி பருவமடைய ஏறத்தாழ மூன்று ஆண்டு, பெண்ணுக்கு ஐந்து ஆண்டு ஆகும்.

குட்டிகள் வெளிவரும் வாரங்களும் நெல் வயலை வடிக்கும் வாரங்களும் ஒன்றாக வந்து மோதுவதைக் கவனியுங்கள். வடியும் தண்ணீரோடு மீனும் தலைப்பிரட்டையும் வாய்க்காலில் குவிவதால் சில நாட்களுக்கு விருந்து; பிறகு பஞ்சம். அந்தப் பஞ்ச நாட்களில் வாய்க்காலில் அக்டோபர் வரை தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்பது குட்டிகளின் விதியைத் தீர்மானிக்கும்.

பெரிய ஆறுகளில் வாழாதா?

வாழாது. ஓட்டம் வேகமாகவும் அடி மணலாகவும் கல்லாகவும் உள்ள ஆறுகளில் கோரை நிற்காது. பெருவாய் பாஸ், கெளுத்தி போன்ற பெரிய மீன்கள் பாம்பையே தின்றுவிடும். மெல்ல நகரும் அல்லது நின்ற நீரும் சேற்று அடியும் வேண்டும்.

அங்கே பறவைச் சரணாலயங்கள் நிறைய உண்டே. அவை பாம்பையும் காக்காதா?

காக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். இங்கேதான் தண்ணீரின் நாட்காட்டி குறுக்கே நிற்கிறது.

அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் லட்சக்கணக்கான வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்க மத்தியப் பள்ளத்தாக்குக்கு வருகின்றன. அவற்றுக்காகப் பராமரிக்கும் ஈரநிலங்களில் இலையுதிர் காலத்தில் தண்ணீர் நிரப்பி, வசந்தத்தில் வடித்துவிடுவார்கள். அடியில் புல் முளைத்து விதை கட்டினால்தான் அடுத்த பருவத்துக்கு வாத்துக்குத் தீனி. கோடையில் அந்த நிலம் காய்ந்து கிடக்கும். பாம்புக்குத் தண்ணீர் வேண்டிய மாதங்களில் அங்கே தண்ணீர் இல்லை. மேடு வேண்டிய மாதங்களில் எங்கும் வெள்ளம்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வாத்துகளும் காக்கப்பட வேண்டியவைதான். ஆனால் வரைபடத்தில் நீல நிறம் பூசிய ஈரநிலம் எல்லாம் எல்லா உயிருக்கும் வீடு என்று நம்புவது தவறு. ஒரு சரணாலயத்தில் சில பாத்திகளையாவது கோடை முழுவதும் நீரோடு வைக்க வேண்டும். கொலூசா புகலிடத்தில் அப்படிச் செய்தார்கள். பழைய நிலத்தைத் திருத்தி, கோடையிலும் தண்ணீர் நிற்கும் சதுப்பாக்கினார்கள். பாம்புகள் அதில் வந்து தங்கின. அருகில் ஏற்கெனவே பாம்புகள் இருந்ததும், வாய்க்கால்கள் அவற்றை இணைத்ததும் அதற்கு உதவின.

வறட்சி வந்தால்?

நெல் போடுவதில்லை. 2022இல் கலிஃபோர்னியாவின் நெல் பரப்பு வழக்கத்தில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. வறட்சி இல்லாவிட்டாலும், தண்ணீருக்கு நல்ல விலை கிடைக்கும் ஆண்டுகளில் உழவர்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தங்கள் பங்குத் தண்ணீரைத் தெற்கே விற்பதுண்டு. சட்டப்படி அது அவர்கள் உரிமை. பாம்புக்கு அந்தத் தண்ணீரில் சட்டப்படி எந்தப் பங்கும் கிடையாது. அத்தகைய விற்பனைகளின்போது முக்கியமான வாய்க்கால்களில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்படுவது இதனால்தான்.

தண்ணீர் வற்றினால் பாம்பு கிளம்பிவிடும். சில நாட்களுக்குள் 8 கிலோமீட்டர் வரை நகர்ந்ததாகப் பதிவு இருக்கிறது. அந்த வழியில் சாலைகள் உண்டு, பருந்தும் ரக்கூனும் உண்டு, போய்ச் சேரும் இடத்திலும் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம்.

நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால்?

வறட்சியைவிட எனக்கு இதுவே பெரிய அச்சம். வறட்சி போகும், வாதுமைத் தோட்டமோ வால்நட் தோட்டமோ வைத்துவிட்டால் அந்த நிலத்தில் இருபது முப்பது ஆண்டுகளுக்குத் தண்ணீர் கட்டமாட்டார்கள். சொட்டுநீர்ப் பாசனம் வந்தால் திறந்த வாய்க்காலும் குழாயாக மாறும். தண்ணீர்ச் சிக்கனம் என்று பாராட்டப்படும் ஒவ்வொரு மாற்றமும் இந்தப் பாம்புக்கு ஒரு வீட்டை இடிக்கிறது. நகர விரிவாக்கம் இன்னொரு பக்கம் நெருக்குகிறது.

வாய்க்கால் தூர்வாரத்தானே வேண்டும்? அதைத் தடுக்க முடியுமா?

தடுக்கச் சொல்லவில்லை. தூர்வாராத வாய்க்காலில் தண்ணீர் வராது. தண்ணீர் வராவிட்டால் பாம்பும் இல்லை. எப்போது, எப்படி என்பதில்தான் வேறுபாடு. ஒரே ஆண்டில் இரு கரைகளையும் மொட்டையடிக்காமல் ஒரு பக்கத்தை விட்டுவைத்தால் பாம்பு மறுபக்கம் ஒதுங்கும். குளிர்காலத்தில் கரையைத் தோண்டினால் உள்ளே உறங்கும் பாம்பு இயந்திரத்தில் சிக்கிச் சாகும். கரைகளை நில அணில்கள் பலவீனப்படுத்துகின்றன என்று நஞ்சு வைத்து, வளைகளைச் சிமெண்ட் குழம்பால் அடைப்பதும் நடக்கிறது. வெள்ளக்கரை உடைந்தால் ஊர் மூழ்கும் என்பதால் அந்தக் கவலை நியாயமானது. அப்படிப்பட்ட கரைகளுக்கு அருகில் வேறு மேடு அமைத்துத் தருவதே வழி.

மண் அரிப்பைத் தடுக்கப் பரப்பும் நெகிழி வலை ஒரு சிறு பொருள்; ஆனால் பாம்பு அதற்குள் தலையை நுழைத்துச் செதில் மாட்டிக்கொண்டு வெயிலில் செத்துப்போகிறது. தென்னைநார் விரிப்பு அந்த வேலையைச் செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கலிஃபோர்னியா 1971இலேயே இதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. மத்திய அரசு 1991இல் 'அழியும் நிலையில் உள்ளது' என்று சேர்க்க முன்மொழிந்து, 1993 அக்டோபரில் 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்ற ஒரு படி குறைந்த வகையில் சேர்த்தது. மீட்புத் திட்டத்தின் வரைவு 1999இல் வந்தது. இறுதி வடிவம் 2017இல்தான் வந்தது. பள்ளத்தாக்கை ஒன்பது மீட்புப் பகுதிகளாக அது பிரிக்கிறது.

கட்டுமானங்களுக்கான நெறிமுறைகள் நடைமுறையில் பயனுள்ளவை. நீர்நிலையின் கரையிலிருந்து 200 அடிக்குள் வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் மே 1 முதல் அக்டோபர் 1 வரை, பாம்பு விழித்திருந்து விலகிப்போகக்கூடிய காலத்தில் செய்ய வேண்டும். தண்ணீரை வடித்தால், தோண்டுவதற்கு முன் 15 நாட்கள் தொடர்ந்து காய்ந்து கிடக்க வேண்டும். இரை இல்லாமல் போனால் பாம்பு தானே கிளம்பிவிடும். கட்டுமானத்தால் இழக்கும் வாழிடத்துக்கு ஈடாகத் தரும் நிலத்தில் ஓர் ஏக்கர் நீர்ப்பரப்புக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் சேர்ந்திருக்க வேண்டும். இந்த விகிதம் எனக்குப் பிடித்திருக்கிறது. நீர்ப்பாம்புக்குத் தண்ணீரைவிட இரண்டு மடங்கு தரை வேண்டும் என்று ஓர் அரசு ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் 200 அடி என்பது 61 மீட்டர்தான். 250 மீட்டர் தள்ளி உறங்கும் பாம்புக்கு அந்த எல்லை காவலாகாது.

வீடு கட்டியாக வேண்டிய இடங்களில் என்ன செய்கிறார்கள்?

சாக்ரமென்டோ நகருக்கு வடக்கேயுள்ள நடோமாஸ் வடிநிலம் நல்ல எடுத்துக்காட்டு. ஓர் ஏக்கரில் வீடு எழுந்தால் அரை ஏக்கரை வாழிடமாக ஒதுக்க வேண்டும் என்பது அங்குள்ள ஒப்பந்தம். ஒதுக்கிய நிலத்தில் பாதி நெல்லாகவும், கால் பங்கு பராமரிக்கப்படும் சதுப்பாகவும், கால் பங்கு மேட்டு நிலமாகவும் இருக்க வேண்டும். இழந்ததில் பாதியைக் கொண்டு முழுதையும் ஈடுகட்டும் கணக்கு எனக்கு முழு மனநிறைவு தரவில்லை. ஆனாலும் நெல், சதுப்பு, மேடு மூன்றையும் சேர்த்து யோசித்தது சரியான திசை. ஒதுக்கிய துண்டுகள் வாய்க்காலால் இணைந்திருக்கின்றனவா என்பதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

ஓரிடத்தில் பாம்பு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நடந்து பார்த்தால் கிடைக்காது. சம்பு ஓரங்களில் மிதக்கும் கம்பிவலைக் கூடுகளைக் கட்டி, தினமும் சோதிக்கிறார்கள். அதிலும் பல நாட்கள் வெறுங்கூடுதான் வரும். தண்ணீரில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு கண்டறியும் புதிய முறையையும் முயன்றார்கள்; இந்தப் பாம்புக்கு அது கைகொடுக்கவில்லை. ஆகவே ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டு "இங்கே பாம்பு இல்லை" என்று எழுதித்தரும் எந்த அறிக்கையையும் நம்பக் கூடாது.

அந்தப் பகுதியில் வசிக்கிறேன். வாய்க்கால் கரையில் ஒன்றைக் கண்டால் என்ன செய்வது?

நின்று, தள்ளியிருந்து பாருங்கள். பிடிப்பதும் இடம் மாற்றுவதும் சட்டப்படி குற்றம். படம் எடுக்க முடிந்தால் இடமும் தேதியும் குறித்து மாநில வனவிலங்குத் துறைக்கு அனுப்புங்கள். நாய் கூட வந்திருந்தால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதக் காலை வேளைகளில் கரைமேல் உள்ள மண்சாலையில் வண்டி ஓட்டினால் மெல்லப் போங்கள். நெறிமுறைகள் கட்டுமான வண்டிகளுக்கு விதித்த வேகம் மணிக்கு 20 மைல். வளையிலிருந்து புதிதாக வெளியே வந்து, உடல் இன்னும் சூடேறாத பாம்பு சக்கரத்துக்கு முன்னால் விரைந்து விலக முடியாது.